ஈஜிஆர் வால்வு: புகை, நடுக்கம், மஞ்சள் விளக்கு – எங்கிருந்து தேடத் தொடங்குவது?

டீசல் கார் கறுப்பாகப் புகைந்தாலும், பிக்கப் விழுந்தாலும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தாலும் பட்டறையில் முதலில் சந்தேகப்படுவது ஈஜிஆர் வால்வைத்தான், அதாவது வெளியேறும் புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வை. பல நேரம் அந்தச் சந்தேகம் சரி. ஆனால் வெடித்த வேக்குவம் ஹோஸ், அழுக்கான சென்சார், யாரோ எப்போதோ கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட் இவற்றின் பழியையும் இதே வால்வு சுமப்பதுண்டு. பல ஆயிரம் கொடுத்துப் புது வால்வு மாட்டிய மறு வாரம் அதே விளக்கு திரும்ப வருவது இதனால்தான். எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் அறிகுறியைப் பாருங்கள். கீழே அறிகுறிவாரியாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிடுங்கள்.

வால்வு என்ன செய்கிறது

சிலிண்டருக்குள் எரியும் சூடு சுமார் 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் மளமளவென உருவாகும். அந்தச் சூட்டைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கைப் பிடித்து, கூலன்ட் ஓடும் சிறு கூலரில் ஆறவைத்து, என்ஜின் இழுக்கும் காற்றோடு மறுபடி கலக்கிறார்கள். எவ்வளவு கலப்பது என்பதை ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) முடிவு செய்யும், வால்வு அதன்படி திறக்கும். ஐடிலிலும் மிதமான ஓட்டத்திலும் வால்வு திறந்திருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மூடிவிடும். இது நினைவிருக்கட்டும், கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு இதுதான் அடிப்படை.

இன்னொரு விஷயமும் தெரிய வேண்டும். வால்வு வழியாக எவ்வளவு புகை போகிறது என்று நேராக அளக்கும் சென்சார் பெரும்பாலான கார்களில் இல்லை. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ஏர் மாஸ் சென்சாரைப் பார்த்து ஈசியூ கணக்குப் போடுகிறது. வால்வு திறந்தால் புகை உள்ளே வரும், அந்த அளவுக்குப் புதுக் காற்று குறைய வேண்டும். குறையவில்லை என்றால் ‘ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை’ என்று பி0401 என்ற கோளாறுக் குறியீடு (பட்டறை மொழியில் ‘கோடு’) பதிவாகும். அளவுக்கு மேல் குறைந்தால் பி0402. ஆகவே ஏர் மாஸ் சென்சார் பொய் சொன்னாலும் மாட்டிக்கொள்வது வால்வுதான்.

கையில் என்ன வேண்டும்

ஈசியூவில் பதிவான கோடுகளைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். கோடுகளை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்ற பதிவும் கூடவே இருக்கும். அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு அப்புறம் தேடினால் கிடைக்காது.

பி0403 வந்தால் வால்வை ஓட்டும் மின்சுற்றில் கோளாறு. பி0404 என்றால் ஈசியூ சொன்ன இடத்துக்கு வால்வு போய்ச் சேரவில்லை. பி0405, பி0406 இரண்டும் வால்வுக்குள் இருக்கும் பொசிஷன் சென்சாரின் சிக்னல் சரியில்லை என்பதற்கு. இதில் பி0404 தவிர மற்ற மூன்றுக்கும் கரியைச் சுரண்டுவதால் பெரும்பாலும் பயன் இருக்காது. கனெக்டரையும் வயரையும் பாருங்கள்.

இப்போது லைவ் டேட்டா, அதாவது என்ஜின் ஓடும்போதே ஆப்பில் தெரியும் சென்சார் எண்கள். ஒரு வண்டியை வைத்தே கணக்குப் போடுகிறேன். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று நம் ஊரில் ஏகப்பட்ட கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். மொத்தம் 1,248 சிசி, ஒரு சிலிண்டருக்கு 312. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று 1.15 கிராம் அளவுக்கு இருக்கும். அப்படியானால் ஒரு சிலிண்டர் முழுக்க நிரம்பினால் 360 மில்லிகிராம். நடைமுறையில் முழுக்க நிரம்பாது, 310 அல்லது 320 என்று வைத்துக்கொள்ளலாம். 850 ஆர்பிஎம் ஐடிலில் வினாடிக்கு 28 முறை சிலிண்டர்கள் காற்றை இழுக்கும். பெருக்கினால் வினாடிக்கு 9 கிராம் வரும். ஈஜிஆர் மூடியிருக்கும்போது ஆப்பில் தெரிய வேண்டிய அளவு ஏறக்குறைய இது. வால்வு திறந்து வேலை செய்யும்போது 6 அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும். உங்கள் வண்டி 1.5 லிட்டரோ 2.2 லிட்டரோ, இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்ஜின் நன்றாகச் சூடேறிய பின் ஐடிலில் விட்டு இந்த எண்ணைப் பாருங்கள். சில வண்டிகளில் நீண்ட நேரம் ஐடிலில் விட்டால் ஈசியூ தானாகவே வால்வை மூடிவிடும், அதனால் முதல் ஓரிரு நிமிடத்துக்குள் பார்ப்பது நல்லது. பிறகு இக்னிஷனை ஆஃப் செய்து, வால்வின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கனெக்டர் இல்லாவிட்டால் வால்வு ஸ்பிரிங்கின் பலத்தில் மூடியே இருக்க வேண்டும். எண் 6-லிருந்து 9-க்கு ஏறினால் வால்வு திறக்கவும் மூடவும் செய்கிறது என்று அர்த்தம். கனெக்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 6-லேயே நின்றால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். இரண்டிலும் 9 என்றால் வால்வு திறக்கவில்லை, அல்லது வழி அடைத்திருக்கிறது. இந்தச் சோதனையில் ஒரு கோடு பதிவாகும், அப்புறம் அழித்துவிடலாம்.

அறிகுறி 1: கறுப்புப் புகை, இழுவை இல்லை

ஈஜிஆர் புகாரில் அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான்.

வால்வின் தட்டுக்கும் அது மூடும்போது போய் உட்காரும் இருக்கைக்கும் இடையில் கரிக்கட்டி மாட்டிக்கொண்டால் வால்வு முழுக்க மூடாது. நீங்கள் மிதித்தவுடன் டீசல் கூடும். ஆனால் காற்றுக்கு வர வேண்டிய இடத்தில் புகை உட்கார்ந்திருக்கும். டீசல் முழுக்க எரியாமல் கறுப்பாக வெளியே போகும். வண்டி இரண்டாவது கியரில் மூச்சு வாங்கும், ஏசி போட்டால் இன்னும் மோசம்.

இதே புகை, இதே இழுவைக் குறைவு இன்டர்கூலர் ஹோஸ் (டர்போ அழுத்திய காற்றைக் கொண்டுவரும் குழாய்) கிழிந்தாலும் வரும். வித்தியாசத்தை ஐடிலில் பாருங்கள். வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் ஐடிலும் சரியிருக்காது: நடுக்கம் இருக்கும், சும்மா ரேஸ் கொடுத்தாலே புகை வரும். ஹோஸ் கிழிந்த வண்டி ஐடிலில் சமர்த்தாக நிற்கும். டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் ‘உஸ்’ என்று காற்று பீறிடும் சத்தத்தோடு புகை தள்ளும். கிழிசல் பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்திலோ கிளாம்ப் உட்காரும் இடத்திலோ இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து தூசி அப்பியிருக்கும் இடம்தான் பெரும்பாலும் கசியும் இடம். ஏர் ஃபில்டரையும் கையோடு பார்த்துவிடுங்கள். செம்மண் சாலையில் ஓடும் வண்டியில் ஃபில்டர் சொன்ன கிலோமீட்டர் வரை தாங்காது.

பட்டறைகளில் செய்யும் ஒரு சோதனை பற்றி எச்சரிக்கை. ஏர் மாஸ் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். வண்டி நன்றாக இழுத்தால் ‘சென்சார் போச்சு, மாத்திடலாம்’ என்பார்கள். அவசரப்படாதீர்கள். அந்த சிக்னல் இல்லாவிட்டால் பல வண்டிகளில் ஈசியூ ஈஜிஆரையும் சேர்த்து நிறுத்திவிடும். ஆகவே வண்டி தேறியது சென்சாரைக் கழற்றியதாலா, ஈஜிஆர் நின்றதாலா என்று இந்த ஒரு சோதனையை வைத்துச் சொல்ல முடியாது.

சந்தேகம் தீர வேண்டுமானால் ஈஜிஆர் குழாயின் இணைப்பில், கேஸ்கெட்டுக்குப் பக்கத்தில், துளையில்லாத மெல்லிய இரும்புத் தகடு ஒன்றைச் செருகித் தற்காலிகமாக அடைத்து ஓட்டிப் பாருங்கள். புகை நின்றால் குற்றவாளி ஈஜிஆர்தான். அப்படியே இருந்தால் ஹோஸ், டர்போ, இன்ஜெக்டர் பக்கம் போங்கள். சோதனை முடிந்ததும் தகட்டை எடுத்துவிட வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி 2: சிக்னலில் நடுங்குகிறது, சில நேரம் ஆஃப் ஆகிறது

காலையில் முதல் ஸ்டார்ட்டில் நடுங்கி, சூடேறியதும் சரியாகிறதா? இன்ஜெக்டரையும் குளோ பிளக்கையும் முதலில் பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெரும்பாலான வண்டிகள் ஈஜிஆரை அதிகம் பயன்படுத்துவதில்லை. சூடேறிய பிறகு நடுக்கம் தொடங்கினால், அதுவும் நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி டோல் கேட்டில் நிற்கும்போது தொடங்கினால், ஈஜிஆர் மேல் சந்தேகம் வலுக்கும். ஓட்டத்தில் திறந்த வால்வு நிற்கும்போது தேவையான அளவுக்குத் திரும்பாமல் மாட்டிக்கொள்கிறது.

வேக்குவத்தால் இயங்கும் பழைய வகை வால்வாக இருந்தால் மூடாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டில் காற்று உள்ளே வர ஒரு சிறு துளை உண்டு, அதன் வாயில் பஞ்சு ஃபில்டர் இருக்கும். அது தூசியால் அடைத்துவிட்டால் வேக்குவம் வெளியேற வழியில்லாமல் வால்வு இழுத்தபடியே நிற்கும். ஃபில்டர் மூடியைக் கழற்றித் தட்டினால் தீர்ந்துவிடும் வேலை இது. இதற்காக வால்வையே மாற்றிய வண்டிகள் உண்டு.

அறிகுறி 3: விளக்கு எரிகிறது, ஓட்டத்தில் குறை ஒன்றும் இல்லை

கோடு பி0401-ஆக இருக்கும். வால்வு திறக்கவில்லை, அல்லது திறந்தும் புகை வரவில்லை. ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் வண்டி கொஞ்சம் துடிப்பாகவே இருக்கும்.

வேக்குவம் வகை: சோலனாய்டிலிருந்து வால்வுக்கு வரும் மெல்லிய ரப்பர் ஹோஸை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். சூட்டில் காய்ந்து முனையில் வெடித்திருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும். பிரேக் மிதியும் வழக்கத்தைவிடக் கல்லாக இருந்தால் சந்தேகம் வேக்குவம் பம்புக்குப் போக வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் பம்ப் ஒன்றுதான். கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் கிடைத்தால் வால்வின் மூக்கில் நேராக மாட்டி இழுங்கள். தண்டு மேலேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஐடிலில் என்ஜின் சத்தம் மாற வேண்டும், முள் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த வால்வைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மின்சார வகை: இக்னிஷனை ஆஃப் செய்தவுடன் பானெட்டுக்குள் காதை வைத்துக் கேளுங்கள். பல வண்டிகளில் ஈசியூ ஓய்வுக்குப் போகும் முன் வால்வை ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிப் பார்க்கும். ‘விர்ர்ர்’ என்று குட்டி மோட்டார் சத்தம் வரும். சத்தமே இல்லையென்றால் கனெக்டர், ஃபியூஸ், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

வால்வு நன்றாக அசைகிறது, ஆனாலும் பி0401 வருகிறதா? இரண்டு இடங்கள் பாக்கி. ஒன்று ஏர் மாஸ் சென்சார்: அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், துணியோ பிரஷோ உள்ளே படக்கூடாது. எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் மாட்டிய வண்டியில் இந்த சென்சார் சீக்கிரம் அழுக்காகும். மற்றொன்று ஈஜிஆர் கூலர். வால்வு பளபளவென்று இருக்க, கூலரின் மெல்லிய குழாய்களில் கரி அடைத்துப் புகை நுழைய வழியே இல்லாமல் இருக்கும்.

அறிகுறி 4: கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஈஜிஆர் கூலரில் ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் புகை. நடுச்சுவர் வெடித்தால் கூலன்ட் புகைப்பாதையில் கசியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வந்து, சைலன்சருக்குப் பின்னால் இனிப்பான வாடை அடிக்கும். ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே அறிகுறிதான். ஹெட்டைத் திறக்கும் முன் கூலரைச் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வால்வைக் கழற்றியதும் உள்ளே வெள்ளையாகப் பொறுக்கு தட்டியிருந்தாலோ, ஒரு பகுதி மட்டும் கழுவினாற்போல் ஈரமாகச் சுத்தமாக இருந்தாலோ கூலர் கசிகிறது. உறுதி செய்ய, கூலரைக் கழற்றி கூலன்ட் வழியின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். புகைப்பாதையிலிருந்து குமிழி வந்தால் மாற்ற வேண்டியதுதான். பற்றவைத்து ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2018-ல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் ஓடும்போதே தீப்பிடித்ததற்கும் இந்தப் பாகத்தில்தான் காரணம் கண்டார்கள். ஈஜிஆர் கூலரில் கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டு எரிந்தது. அந்த நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு பிளாஸ்டிக்காக உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இதை மறக்காமல் இருப்பது நல்லது.

அறிகுறி 5: திடீரென்று லிம்ப் மோடு (ஈசியூ தானாகவே சக்தியைக் குறைத்துவிடும் நிலை), ஆஃப் செய்து போட்டால் சரியாகிறது

மேட்டில் ஏறும்போது வண்டி மூன்றாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் போக மறுக்கும். ஓரம் கட்டி ஆஃப் செய்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். பி0404, பி0405, பி0406 இவற்றில் ஒன்று பதிவாகியிருந்தால் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, பின் தளர்ந்து பின்னால் போயிருக்கிறதா? என்ஜின் ஓடும்போது வயரை மெல்ல அசைத்து, ஆப்பில் வால்வு பொசிஷன் குதிக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. வயரும் கனெக்டரும் சுத்தமாக இருந்தும் எண் குதித்தால் வால்வுக்குள் இருக்கும் சென்சார் தேய்ந்திருக்கிறது. பி0299 (டர்போ அழுத்தம் போதவில்லை) கூடவே வந்தால் டர்போ அழுத்தத்தையும் பாருங்கள்.

அறிகுறி 6: டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடிக்கடி நிரம்புகிறது

பெரும்பாலும் பிஎஸ்6 வண்டிகளுக்கு உரிய தலைவலி. 2020 ஏப்ரல் 1 முதல் விற்ற டீசல் கார்களில் டிபிஎஃப் இருக்கும். ஈஜிஆர் சரியாக மூடாவிட்டால் கரி அதிகமாகும், அதைப் பிடிப்பது டிபிஎஃப்பின் வேலை, சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும். அதற்காகப் பீய்ச்சும் கூடுதல் டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அதுதான் நடக்கிறது. டிபிஎஃப்பைக் கழுவக் கொடுக்கும் முன் ஈஜிஆரைச் சரிபாருங்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் எதையும் கழற்றாதீர்கள், சர்வீஸ் சென்டரிடமே விடுங்கள்.

அறிகுறி 7: காருக்குள் புகை வாடை, பானெட்டில் ‘டப் டப்’ சத்தம்

ஈஜிஆர் குழாயின் மடிப்புப் பகுதியில் விரிசல், அல்லது கேஸ்கெட் ஊதிவிட்டது. சுற்றிலும் கரி தெறித்த தடம் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். மாற்றுங்கள், எம்சீல் அந்தச் சூட்டில் நிற்காது.

சுத்தம் செய்வது

சோதனைகள் கரியைத்தான் காட்டுகின்றன என்றால் கழற்றலாம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வால்வோடு கூலன்ட் ஹோஸ் இணைந்திருந்தால் கீழே பாத்திரம் வையுங்கள். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் முதல் வகையிலேயே சேர்த்திருக்கிறது. நீங்கள் சுரண்டப்போவது அந்தப் புகையின் கரியை.

சூட்டில் இறுகிய போல்ட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கி அடித்து வையுங்கள். அலுமினியத்துக்குள் இருக்கும் போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் தலை கையோடு வரும். அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாக வெளியே எடுங்கள்.

வால்வு கைக்கு வந்ததும் உடனே கழுவிவிடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். புகை வரும் பக்கம் கரி காய்ந்த மாவாக இருப்பது இயல்பு, விரலில் தேய்த்தால் உதிரும். காற்றுக் குழாயோடு சேரும் பக்கம் கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கும், அதுவும் இயல்பே. தார் போல ஈரமாக, விரல் வைத்தால் நூல் இழுக்கும் அளவுக்கு இருந்தால் கிராங்க்கேஸ் பிரீதர் (என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியைக் காற்றுக் குழாய்க்கு அனுப்பும் வழி) வழியாக ஆயில் ஆவி அளவுக்கு மீறி வருகிறது. ஆயில் மட்டம் அதிகமா, பிரீதரின் ஆயில் பிரிப்பான் அடைத்திருக்கிறதா, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா, டர்போ சீல் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் கழுவி மாட்டினால் சில மாதத்தில் அதே தார் நிற்கும்.

மோட்டார் இருக்கும் பிளாஸ்டிக் தலை மேலே இருக்கும்படி வால்வைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரவம் அந்தப் பக்கம் ஏறவே கூடாது. முழு வால்வையும் டப்பாவில் ஊறப்போட்டால் கரியோடு மோட்டாரும் போய்விடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். இருக்கையில் ஸ்க்ரூடிரைவர் முனை படக்கூடாது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் வால்வு ஆயுள் முழுக்கக் கசியும். மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்து அசைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

கரி போனதும் தட்டைக் கட்டைவிரலால் அமுக்கி விடுங்கள். இழுபறி இல்லாமல் ‘டக்’ என்று திரும்பி உட்கார வேண்டும். மூடிய நிலையில் அதன் மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கீழே வெள்ளைத் தாளை வையுங்கள். லேசாக ஈரம் கசிந்தால் பரவாயில்லை. ஒழுகினால் இருக்கையில் இன்னும் கரி இருக்கிறது, அல்லது தேய்ந்துவிட்டது. மேனிஃபோல்டு வாயையும் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே விழாதபடி துணி அடைத்துச் சுரண்டுங்கள். துணியை எடுக்க மறக்கக்கூடாது.

கழற்றாமலே காற்றுக் குழாயில் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்று விளம்பரம் வரும். டீசல் என்ஜினில் நான் அதைச் செய்ய மாட்டேன். எரியக்கூடிய எது உள்ளே போனாலும் டீசல் என்ஜின் அதை எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பெயர்ந்து வரும் கரிக்கட்டி சிலிண்டருக்குள் போகும் அபாயமும் உண்டு.

மாட்டிய பின்

கேஸ்கெட் புதிதாக வேண்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். பேட்டரியை இணைத்து, இக்னிஷனை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் அரை நிமிடம் விட்டு, ஆஃப் செய்து, கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சில வண்டிகளுக்கு வால்வின் ‘மூடிய நிலை’ எது என்று ஸ்கேனர் மூலம் புதிதாகக் கற்றுத்தர வேண்டும். கரி இருந்த காலத்தில் பழகிய அளவையே ஈசியூ வைத்துக்கொண்டிருந்தால் சுத்தமான வால்விலும் பி0404 வரும். கோட்டை அழித்து, முதலில் செய்த காற்றுக் கணக்கை மறுபடி பாருங்கள்: மூடினால் 9, திறந்தால் 6.

சீக்கிரமே மறுபடி அடைக்கிறது என்றால்

நம் ஊரில் பல வண்டிகளில் தெர்மோஸ்டாட்டே இருக்காது. ‘வெயில் ஊரு, என்ஜின் கூலா இருக்கட்டும்’ என்று யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். விளைவு, நெடுஞ்சாலையில்கூட என்ஜின் சூடு 70 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆறிய சுவரில் ஆயில் ஆவியும் நீராவியும் படிந்து கரியைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். 20 நிமிட ஓட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான கார்களில் 80 முதல் 95 வரை நிற்க வேண்டும். இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். ஈஜிஆருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

அப்புறம் ஓட்டும் விதம். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் டீசல் கார், மணிக்கணக்கில் ஏசி போட்டு நிற்கும் டாக்சி இரண்டுக்கும் இது அடிக்கடி வரும். வாரத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில், ஒரு கியர் குறைத்து, 2,500 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓட்டினால் படிவது குறையும். ஏற்கெனவே கெட்டியான கரி அதனால் போகாது.

தகடு போட்டு அடைப்பது

‘பிளேட் போட்டுடலாம் சார், பிரச்சினையே வராது’ என்பார்கள். பழைய பிஎஸ்3 வண்டியில் விளக்குகூட எரியாது. பிஎஸ்4-ல் பெரும்பாலும் பி0401 வரும், அதை மறைக்க ஈசியூ மென்பொருளை மாற்றுவார்கள். பிஎஸ்6-ல் டிபிஎஃப் கணக்கும் சேர்ந்து குழம்பும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. புகைச் சோதனையில் தேறிவிடுகிறதே என்பார்கள். நம் டீசல் வண்டிகளுக்கு அங்கே அளப்பது புகையின் கருமையை மட்டும், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. ஈஜிஆரை அடைத்தால் கருமை குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குழாய்க்குத் தெரியும். 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டதும் ஏறக்குறைய இதைத்தான் மென்பொருளில் செய்து: சோதனைக்கூடத்தில் நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்திவிட்டு, சாலைக்கு வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

பழைய டீசல் கார் வாங்கப்போகிறவர்கள் இதைத் தனியாகச் சோதிக்கலாம். ஈஜிஆர் குழாய் இணையும் இடத்தில் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட்டைவிடத் தடிமனாக, கையால் வெட்டிய ஓரத்தோடு தகடு நீட்டிக்கொண்டிருந்தால் அடைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டாத இடமென்றால் சூடான என்ஜினை ஐடிலில் விட்டுக் காற்றுக் கணக்கைப் பாருங்கள். வால்வு திறந்திருப்பதாக ஆப் காட்டியும் எண் 9-லிருந்து இறங்கவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் தகட்டோடு மென்பொருளிலும் கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். விலை பேசும்போது புது வால்வு, கூலர், ஈசியூவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு மூன்றையும் கழித்துக் கேளுங்கள்.